பாதித் தாத்தா

வா தாயி, இப்படித் திண்ணையில உக்காரு. பிள்ளைக்கு ரெண்டு வயசு முடியப்போகுது, இன்னும் பேச்சக் காணோம்னு வசம்பு தேடி வந்திருக்க. வசம்பு தேச்சுப் பேச்சு வரும்னா, பஞ்சாயத்துக் கூட்டத்துல அஞ்சு வருசமா வாயத் திறக்காம உக்காந்திருக்கானே நம்ம மெம்பரு, அவன் நாக்குலதான் மொதல்ல தேச்சிருப்பேன். பச்சப்பிள்ளைக்கு அது ஆகாது. தூரப் போடு.

காலையில உன்னப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். செல்போனச் செம்புல சாச்சு வச்சுட்டு இட்லி ஊட்டுற. அதுல ஒரு பொம்மை ஆடு இங்கிலீசுல கத்துது. பிள்ளை உத்தரத்தக் கைகாட்டி “ஊ”ங்கிறான். பல்லி! நான் பாத்தேன், நீ பாக்கல. தெறந்த வாயில அடுத்த வில்லை இட்லியத் திணிச்சுட்ட. அவன் பேசத்தான் செஞ்சான் தாயி, நீதான் அடச்சுப்புட்ட.

உங்கம்மாவும் சின்னம்மாவும் ஒரே உரல்ல மாத்தி மாத்தி உலக்கை போட்டதப் பாத்திருக்கேல்ல? ஒருத்தி ஓயாமக் குத்துனா மத்தவ எங்க போடுவா? செல்போன் ஓயாத உலக்கை. ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேணாம், அதுக்கப்புறமும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சாம். மாப்பிள்ளைதான் வாசிச்சுக் காட்டுனாரு. செல்போனப் பாத்துத்தான்.

அவரும் பாவம், பிள்ளைகிட்ட இங்கிலீசுலதான் பேசுறாரு. ரெண்டு பாஷை கேட்டா பேச்சு தள்ளிப்போகும்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஆனா “கம்”, “சிட்”, “நோ” இந்த மூணுக்கு மேல அவருக்கும் வரலையே! மணி நாயி மட்டும் அதுக்குள்ள நல்லாப் படிச்சுக்கிருச்சு.

உங்கண்ணனும் நாலு வயசுலதான் பேசுனான், தானா வரும்னு உங்கம்மா சொல்லுவா. அவனுக்குக் காது மந்தம்னு பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் கண்டுபிடிச்சாரு. அதுவரைக்கும் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்னு நான் முதுகுல வச்சது எத்தனையோ. அத அவ சொல்ல மாட்டா.

ஒரு வயசு வாக்குல ஒரு சொல்லு, ரெண்டு வயசுல “பால் தா”, “அம்மா வா”ன்னு ரெண்டு சொல்லு சேந்து வரணும். வரலைன்னா பெரியாஸ்பத்திரிக்கு நட. தூங்குற பிள்ளை காதுலயே சின்னதா ஒண்ண வச்சுச் சோதிச்சிருவாக. செல்போன் சத்தத்துக்குத் திரும்புறானேன்னு நீயா முடிவு கட்டாத. கொஞ்சம் கேட்டுக் கொஞ்சம் கேக்காத காதும் இருக்கு.

திங்கக்கிழமை போவோம், நானும் வாரேன். இப்ப இங்க பாரு, முறுக்க முதுகுக்குப் பின்னால வச்சிருக்கேன். நீ வாயத் திறக்காத, சும்மா இரு. இன்னும் கொஞ்சம் பொறு.

கேட்டியா? “தா”ன்னான்! முறுக்கத்தான் கேட்டான்னு உங்கம்மாகிட்டச் சொல்லிறாத. தாத்தான்னு சொல்ல வந்தான், பாதிதான் வந்துச்சுன்னு நான் டீக்கடையில சொல்லிக்கிறேன்.