மூணு இருபது அண்ணன்

திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காடு வரை எந்தக் குப்பத்தில் நுழைந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். பெயர் ஊருக்கு ஊர் மாறும். சட்டைப் பையில் செருகிய டெஸ்டர் மாறாது. பகலில் யார் வீட்டுக்காவது ஒயரிங், ராத்திரியில் தன் வீட்டில் பாட்டு. முதல் வேலையில் மிஞ்சுவதுதான் இரண்டாவதற்கு மூலதனம். 90 மீட்டர் காயிலில் எவ்வளவு சுவருக்குள் போனது, எவ்வளவு அண்ணன் தோளில் போனது என்று இதுவரை எந்த வீட்டுக்காரரும் கேட்டதில்லை. கேட்டால் ஃபேன் மாட்ட வரமாட்டார்.

சதுர மில்லிமீட்டர் கணக்கு வந்து எத்தனையோ காலமாகியும் அவருக்கு 1/18, 3/20, 7/20தான். 3/20 என்றால் இருபதாம் நம்பர் கம்பி மூன்று இழை. இன்றைய கணக்கில் சுமார் 2 சதுர மில்லிமீட்டர். ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அதுதான் போகும். கூடத்தில் சிவப்பு, திண்ணையில் மஞ்சள், வலை உலர்த்தும் கொம்பில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குப் பச்சை. பச்சை எர்த்துக்கு ஆயிற்றே என்றால், "பாட்டுக்கு ஏதுபா எர்த்து?" என்பார்.

சென்னையிலிருந்து வந்த மச்சான் மகன் ஒருமுறை ரிச்சி தெருவில் வாங்கிய கண்ணாடி ஒயரை எடுத்துப் போட்டான். உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது.

"மாமா, இது ஆக்சிஜன் இல்லாத செம்பு."

"ஆக்சிஜன் இல்லாங்காட்டி மீனே செத்துப்பூடும். பாட்டு எப்பிடி மாப்ள உயிரோட வரும்?"

விளக்கம் தப்பு; விலை உயர்ந்த ஒயர் வேண்டாம் என்ற தீர்ப்பு சரி. இதுதான் இவரிடம் உள்ள தொல்லை. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பாக்ஸுக்குப் போக வர இருபது மீட்டர். 3/20 செம்பில் அவ்வளவு தூரத்துக்கும் தடை 0.2 ஓம்கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது தூசு. ஒயரின் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டாதவரை கவலையில்லை என்பது ஆடியோக்காரர்களே வைத்திருக்கும் கணக்கு. அமெரிக்காவில் ஆம்பிளிஃபயருக்குப் பேர்போன மெக்கின்டாஷ் நிறுவனத்தின் தலைவராக இருந்த கார்டன் கவ், தடித்த சாதாரண விளக்கு ஒயரையும் விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒயரையும் மாற்றி மாற்றி இணைத்துக் கேட்க வைத்தார்; கேட்டவர்களுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. அண்ணனுக்கு அவரைத் தெரியாது. தெரிந்தால் கூழ் ஊற்றும் பந்தலில் படம் மாட்டியிருப்பார்.

ஆடி மாதக் கூழுக்குத் தெருக்கோடி வரை குழாய் கட்டும்போதும் மனிதர் ஏமாறுவதில்லை. ஆம்பிளிஃபயரில் 100 வோல்ட் லைனுக்கு மாறிவிடுவார். 100 வாட் ஒலியை 8 ஓமில் அனுப்பினால் மூன்றரை ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் ஒரே ஒரு ஆம்பியர். ஒயரில் வீணாவது பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மின்வாரியம் டவர் லைனில் செய்கிற அதே தந்திரம். மெல்லிய ஒயரிலும் எல்.ஆர். ஈஸ்வரி கடைசி வீடு வரை கணீரென்று போய்ச் சேருவார்.

மானம் போவது ஜாயின்ட்டில். ஒயரைப் பல்லால் கடித்துத் தோலுரித்து, இரண்டு முறுக்கு முறுக்கி, ஒரு சுற்று டேப். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் அடிக்கிற உப்புக் காற்று அதைச் சும்மா விடுமா? செம்பில் களிம்பு போல உயிரை ஆணவம் பற்றியிருக்கிறது என்று சைவ சித்தாந்தம் சொல்வதைத் திருப்பாலீஸ்வரர் கோயில் வாசலிலேயே விளக்கிவிடலாம், அண்ணனின் டேப்பைப் பிரித்தால் போதும். பாட்டு கரகரத்தால் ஒயரை மாற்றுவார், பாக்ஸைத் தட்டுவார். ஜாயின்ட்டை மட்டும் தொடமாட்டார். அது அவர் கைவேலை.

இன்னொன்று, மிச்ச ஒயர் இரண்டும் மஞ்சளாக அமைந்துவிடுவது. எது ப்ளஸ், எது மைனஸ்? ஒரு பாக்ஸ் தலைகீழாக மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, பேஸ் காணாமல் போகும். "இந்தப் படத்துல டிரம்ஸே சரியில்ல" என்று பழி இசையமைப்பாளர் மேல் விழும். டார்ச் பேட்டரி ஒன்றை ஒயர் முனையில் ஒரு கணம் தொட்டு, காகிதக் கூம்பு முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. அண்ணன் பார்க்கமாட்டார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பி ஜன்னல் அதிரும் நாளில் மட்டும், "நம்ம பாக்ஸ் மாதிரியே கீதில்ல?" என்று பூரிப்பார். அந்த பேஸ் ஒயரே இல்லாமல் வருவது.

இத்தனையும் மன்னிக்கலாம். ஸ்பீக்கர் ஒயரின் முனையில் அவர் மாட்டி வைத்திருக்கும் டூ பின் பிளக்கை மன்னிக்க முடியாது. வீட்டில் குழந்தை இருக்கும், அவசரத்தில் விருந்தாளி இருப்பார். யாராவது அதைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் 230 வோல்ட் நேரே ஸ்பீக்கருக்குள் ஏறும். டேப் பிரிந்த ஜாயின்ட்டில் கை வைத்தவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஓர் அண்ணன் இருந்தால் அவர் ஒயரை நம்பி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த பிளக்கை மட்டும் அவர் கண்ணெதிரே வெட்டி எறிந்துவிடுங்கள்.