பத்துப் பழக்கங்களையும் கடைப்பிடித்தோம், ஐயா!

அனுப்புநர்: தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்துவாசி.
பெறுநர்: சுகவாழ்வுத் துண்டுப்பிரசுரம் எழுதும் பொறுப்பதிகாரி அவர்கள், கொழும்பு.
விடயம்: அதிகாலையில் எழுதல், நடத்தல், தண்ணீர் குடித்தல் முதலிய எளிய பழக்கங்களை நிறைவேற்றியமை.

மதிப்புக்குரிய ஐயா,

இயற்கையோடு இணைந்து நலமாக வாழப் பத்து எளிய பழக்கங்களைச் சொல்லும் தங்கள் துண்டுப்பிரசுரம் வந்து சேர்ந்தது. பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சுவர் ஓதத்தில் ஓரம் உரிந்துவிட்டது. என்றாலும் படத்தில் சப்பாத்துப் போட்டு ஓடுகிற குடும்பம் சிரிப்பை நிறுத்தவில்லை. சொன்னபடி நடக்கிறோமா என்று தாங்கள் கவலைப்படக்கூடாதே என்பதற்காக இந்த அறிக்கை.

அதிகாலையில் எழச் சொல்லியிருக்கிறீர்கள். எழுகிறோம். வெயில் ஏறினால் இறப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். கொழுந்துக்குப் போகிற பெண்கள் இருட்டோடு எழுந்து, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, ஓட வேண்டும். எழுப்பிவிடக் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறீர்கள். பிந்திப் போனால் பேர் கிடையாது, அதாவது அன்றைய சம்பளம் கிடையாது என்கிற நினைப்பே எங்களை எழுப்பிவிடுகிறது. அதற்கு டேட்டாவும் செலவாகாது.

அடுத்தது பத்தாயிரம் அடி நடை. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. மறுவருடம் ஜப்பானியக் கம்பனி ஒன்று அடியெண்ணும் கருவி விற்கப் பிடித்துக்கொண்ட எண்தான் இந்தப் பத்தாயிரம் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்புப் போதும் என்கிறது. எங்கள் பெண்கள் அந்த 150 நிமிடத்தைத் திங்கட்கிழமை காலைத் தேத்தண்ணிக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். மீதி வாரத்து உழைப்பை என்ன செய்வது என்று பிரசுரத்தில் இல்லை. காலிமுகத்திடலில் நடக்கிறவர்களுக்குத் தேவைப்பட்டால் கொஞ்சம் அனுப்பிவைக்கிறோம்.

உடல் எடையைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வேலை எங்களுக்குக் கொழுந்து மடுவத்திலேயே நடந்துவிடுகிறது. நிறுவைக்குப் போனதும் சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. தெரணியகலையில் ஈரமில்லாத கொழுந்துக்கு எங்கே போவது? முழுப்பேருக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று கேட்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான். இவ்வளவு சீக்கிரம் எடை குறைக்கிற வித்தை தங்களிடமும் இருக்காது.

இயற்கை வைத்தியத்திலும் நாங்கள் பின்தங்கியவர்கள் இல்லை. அட்டை விட்டுக் கெட்ட இரத்தம் எடுக்கிற சிகிச்சைக்கு வெளிநாட்டார் காசு கட்டி வருகிறார்களாம். எங்களுக்கு மழை பெய்தால் போதும், வைத்தியம் மலைக்கே வந்துவிடும். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு நிரைக்குள் இறங்குவோம். நுரை கரைந்ததும் சிகிச்சை தொடங்கும். கட்டணம் இல்லை, வரிசை இல்லை, வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் இல்லை.

இப்போது தங்கள் நான்காவது பழக்கத்துக்கு வருகிறேன். நாளொன்றுக்கு எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும். இதை விளக்க வந்த மிட்வைப் மிஸ் நல்ல பெண். பொறுமையாகச் சொன்னார். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் எழும்பிக் கேட்டார்:

"குடிக்கிறது லேசு மிஸ். பெறகு எங்க போறது?"

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

கொழுந்து பறிக்கிற மலையில் கக்கூசு இல்லை, ஐயா. லயத்துக்கு ஓடிப்போய் வருவதற்குள் அரைக் கிலோக் கொழுந்து போய்விடும். தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். மேலே பாதையில் கங்காணி நிற்பார், கீழே மருந்தடிக்கிற ஆம்பிளையாட்கள் நிற்பார்கள். ஒருத்தி ஒதுங்கினால் மற்றவள் படங்கைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்க வேண்டும். மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படி என்று தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு எங்கள் பெண்கள் ஒரு எளிய பழக்கம் கண்டுபிடித்திருக்கிறார்கள். தண்ணீரே குடிப்பதில்லை. பழைய சோடாப் போத்தலில் சாயத்தண்ணி கொண்டுபோவார்கள். தொண்டை காய்ந்தால் ஒரு மிடறு, வாயை நனைக்கிற அளவுக்கு. பின்னேரம் போத்தல் பாதி நிறைந்தபடியே வீடு திரும்பும். பிறகு நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, டிஸ்பென்சரி, குளிசை. குளிசையைக் கையில் தந்துவிட்டு அங்கே சொல்கிற புத்தி: நிறையத் தண்ணி குடிங்க.

பழமும் மரக்கறியும் நாளுக்கு 400 கிராம், ஐந்து பங்காக. சரி. 2021இல் எங்களுக்கு நாட்சம்பளம் ஆயிரமாகி, 2024இல் 1,350 ரூபாவானது. அதுவும் பேர் விழுந்த நாளுக்குத்தான். அதில் ஐந்து பேருக்கு ஐந்து பங்கு வாங்கிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கோதுமை மாவுக்குத் திரும்பினோம். ரொட்டி கனமானது, பசி தாங்கும், ஒரு கையில் பிடித்துத் தின்னலாம். பணமில்லாமல் கீரை பறிக்கலாமே என்பீர்கள். வல்லாரையும் பொன்னாங்காணியும் கான் ஓரத்தில் தாராளமாக முளைக்கின்றன. பக்கத்து நிரைக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று கீரையிடம்தான் கேட்க வேண்டும். 2015இல் கிளைபோசேட்டை நாட்டுக்கே ஆகாது என்று தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் ஆகும் என்றார்கள். தேயிலைக்குள்ளும் இறப்பருக்குள்ளும் குடியிருக்கிறவர்களுக்கு ஆகுமா என்று தனியாக அறிவித்ததாக எங்களுக்குத் தெரியாது.

இயற்கைக்கு நாங்கள் எதிரிகள் என்று எழுதிவிடாதீர்கள். 2021இல் நாடே ஒரே நாளில் இயற்கைக்கு மாறியபோது நாங்களும் கூடவே மாறினோம். இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், எல்லாரும் சுகமாக வாழப் போகிறோம் என்றார்கள். கொழுந்து சுருங்கியது. நிரை நிறையப் புல். கேட்ட கிலோ மட்டும் அப்படியே நின்றது. அந்த வருடம் முடியுமுன்பே அரசாங்கம் இயற்கையைக் கைவிட்டுவிட்டது. எங்கள் கைவிட்டுப்போன பேர்களை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

ஆழ்ந்த உறக்கம், மன அமைதி என்று ஒன்பதும் பத்தும் சொல்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தால் உறவில் நெருக்கத்துக்குக் குறைவிருக்காது. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் தியான இசையும் உண்டு. ஆனால் 2016 மே 17 அன்று இதே கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கவில், மலை இறங்கி வந்து ஊரை மூடியதிலிருந்து அந்த இசைக்கு யாருக்கும் உறக்கம் வருவதில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வெளியேறச் சொல்வார்கள். எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடம். மழை விட்டதும் எங்கே என்றால் மறுபடி அதே லயம்.

ஐயா, இந்த மாவட்டத்துக்குச் சுகாதாரப் புத்தி சொல்ல வந்த முதல் ஆள் தாங்கள் இல்லை. 1934-35 மலேரியாவில் கேகாலை கடுமையாக அடிபட்டது. தீவெங்கும் எண்பதாயிரம் பேரளவில் மாண்டார்கள். அப்போது ஊர் ஊராகப் போன தொண்டர்களில் என். எம். பெரேராவும் ஒருவர். கொயினா கொடுத்தால் மட்டும் ஆள் எழும்பமாட்டான், வயிறு காய்ந்து கிடக்கிறது என்று கண்டு பருப்புப் பங்கிட்டார். சனம் அவருக்கு 'பருப்பு மாத்தையா' என்றே பேர் வைத்தது. 1936இல் பக்கத்து ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. துண்டுப்பிரசுர மாத்தையா என்று இதுவரை யாருக்கும் பேர் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பு தங்கள் அலுமாரியிலேயே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். இந்தப் பிள்ளைகளின் அம்மாமார் விடியுமுன் எழுகிறார்கள், வெயிலில் நிற்கிறார்கள், நாள் முழுக்க நடக்கிறார்கள், புகைப்பதில்லை, பிட்சா தின்பதில்லை. தங்கள் பத்தில் பெரும்பாலானவற்றுக்கு முழுப்பேர் எடுத்தவர்கள். அதற்குப் பிறகும் பிள்ளை வளரவில்லை என்றால், பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர் வேறு யாரோ இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் தாழ்மையான விண்ணப்பம். அடுத்த பிரசுரத்தை எங்களுக்கு அச்சிட வேண்டாம். மலைகளைக் குத்தகைக்கு வைத்திருப்பவர்களுக்கும், குத்தகைக்குக் கொடுத்தவர்களுக்கும் அச்சிடுங்கள். பத்துக்கூட வேண்டாம், நான்கு போதும். மலைக்கு ஒரு கக்கூசு கட்டிப் பழகுங்கள். அதற்குப் பக்கத்திலேயே கைகழுவவும் குடிக்கவும் ஒரு குழாய் வையுங்கள். மருந்தடிக்கிற நாளை முதல் நாளே சொல்லிப் பழகுங்கள். நிறுத்ததை நிறுத்தபடி எழுதிப் பழகுங்கள். எல்லாம் எளிய பழக்கங்கள்தான். தொடர்ந்து செய்துவந்தால் சில வாரங்களில் பலன் தெரியும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அச்சானதும் ஒரு பிரதி எங்களுக்கும் அனுப்புங்கள். யார் யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று அறிக்கை எழுதித் தருவதற்கு இங்கே ஆளிருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பத்துப் பழக்கங்களாலும் நலமாக இருக்கும்,
ஒரு லயத்துவாசி.