தூண்டில் யோகம்

மனுஷனுக்குத் தூண்டில் பித்து இரண்டு முறை பிடிக்கும். அரைக்கால் டிரவுசர் காலத்தில் ஒன்று; தொப்பை விழுந்த பிறகு ஒன்று.

முதல் பித்துக்குச் செலவில்லை. மூங்கில் குச்சி, நரம்பு, தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. பழனி அடிவாரத்துச் சண்முகநதிக்கரை. ஜிலேபி மீன் உறுதி, வீட்டில் முதுகுக்குப் பூசையும் உறுதி. அந்த ஜிலேபியே ஆப்பிரிக்கக்காரர். 1952-ல் இலங்கை வழியாக வந்து சேர்ந்தவர். நாம்தான் உள்ளூர் என்று உரிமை கொண்டாடினோம்.

இரண்டாவது பித்து கொடைக்கானல் ஏரிக்கு ஏறும். மடக்கு நாற்காலி, இறக்குமதி ராடு, ஏழெட்டுப் பை வைத்த கோட்டு. மீன்வளத் துறை அனுமதி வேறு. ஏரியும் இயற்கை தந்ததல்ல. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடையை மறித்து, கைக்காசு போட்டு உண்டாக்கியது. படகையும் தூத்துக்குடியிலிருந்து மலையேற்றினார். அந்தப் புண்ணியம் இன்று மிதி படகாக வருகிறது. தேனிலவு ஜோடி ஒன்று மிதித்துப் போக, அலையில் தக்கை முங்குகிறது. கோட்டுக்காரர் துள்ளி எழுந்து சுண்டி இழுக்கிறார். முள்ளில் ஒரு கொத்துப் பாசி. "பெருசு, தப்பிச்சிருச்சு!" என்கிறார், பக்கத்தில் நிற்கும் சோளக்கதிர் வியாபாரியிடம். அவரும் வியாபாரம் கருதித் தலையாட்டுகிறார்.

மீன்தான் வேண்டுமென்றால் மார்க்கெட் இருக்கிறது. "சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று வீட்டில் சொல்லத் துணிவில்லாதவர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டாமா? அதற்குத்தான் தூண்டில்.