வாழிய காப்புரிமை!

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நன்றியுணர்ச்சி கிடையாது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. அது உண்மைதான். நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கப் போனால் முதல் கிளாஸ் காலியாவதற்குள் மேனேஜரைத் திட்டி முடித்து, அடுத்து காப்புரிமைச் சட்டத்துக்கு வந்துவிடுவோம். எங்களுக்காக இரவு பகல் பாராமல் உழைக்கும் ஒரு ஏற்பாட்டை இப்படிப் பழிப்பது நியாயமா? ஆகவே என் இனத்தார் செய்யத் தவறியதை நான் செய்கிறேன். அமெரிக்காவின் மென்பொருள் காப்புரிமை முறையை வாயாரப் புகழப் போகிறேன்.

1997 செப்டம்பரில் அமேசான் ஒரு விண்ணப்பம் போட்டது. வாடிக்கையாளரின் முகவரியும் அட்டை எண்ணும் ஏற்கெனவே கடையிடம் இருந்தால், ஒரே கிளிக்கில் அவர் பொருளை வாங்கிவிடலாம் என்பதே கண்டுபிடிப்பு. நம் தெருமுனை மளிகைக் கடைக்காரரும் 'கணக்குல எழுதிக்கங்க அண்ணாச்சி' என்ற ஒரே வாக்கியத்தில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் நடத்திவந்தார். ஆனால் அவர் அதற்குப் படம் வரைந்து, பாகம் பிரித்து, வாஷிங்டனுக்கு அனுப்பவில்லை. அவ்வளவு அடக்கம் வியாபாரத்துக்கு ஆகாது. 1999 செப்டம்பரில் அமேசானுக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த மாதமே போட்டிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குப் போட்டது. டிசம்பர் முதல் தேதி, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும் வேளையில், நீதிமன்றம் தடை விதித்தது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் தன் தளத்தில் இன்னொரு கிளிக்கைச் சேர்த்துக்கொண்டது.

காப்புரிமை புதுமையைத் தூண்டும் என்று படித்தோமே, அதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று ஏது? ஒரு கிளிக்கில் முடிந்த காரியத்தை இரண்டு கிளிக்கில் முடிக்கும் வழி சட்டென்று பிறந்துவிட்டது. 2001 பிப்ரவரியில் மேல் நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லுபடியாகுமா என்பதே சந்தேகம் என்று தடையை நீக்கியது. அதற்குள் இரண்டு கிறிஸ்துமஸ் போயிருந்தது. நீதி தாமதமாகலாம், பண்டிகை தாமதமாகுமா?

இந்த முறையின் உன்னதமான நோக்கம் அறிவைப் பரப்புவது. கண்டுபிடித்தவர் தம் ரகசியத்தை ஊரறிய எழுதிவைக்க வேண்டும். பதிலுக்கு அரசு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு தனியுரிமை தரும். எழுதிவைத்ததைப் படித்துப் பிறர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் துறையில் இது எவ்வளவு செழிப்பாக நடக்கிறது என்பதற்கு, பல கம்பெனிகளின் சட்டப் பிரிவு புரோகிராமர்களுக்குச் சொல்லும் புத்திமதியே சாட்சி: தயவுசெய்து காப்புரிமை எதையும் படிக்காதீர்கள்! தெரிந்தே மீறியதாக நிரூபணமானால் அமெரிக்க நீதிபதி நஷ்டஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். தெரியாமல் மீறினால் ஒரு மடங்கோடு போயிற்று. அறியாமைக்கு இத்தனை தெளிவாக விலை குறித்து, அதற்குத் தள்ளுபடியும் தருகிற கல்வித் திட்டம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

துணிந்து படித்தாலும் ஆபத்தில்லை, ஒன்றும் புரியாது. ஒரு பட்டியலை வரிசைப்படுத்தித் திரையில் காட்டுகிற சாதாரண வேலை, வக்கீல் கைக்குப் போய்வந்ததும் 'ஒன்று அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளால் இயக்கப்படும்போது' என்று தொடங்கி மூச்சு முட்டும் ஒரே வாக்கியமாகத் திரும்பும். எழுதியவருக்கே தன் பிள்ளையை அடையாளம் தெரியாது. ரகசியத்தை ஊரறியச் சொல்லி, அதே சமயம் காப்பாற்றவும் செய்கிற இந்தக் கலையை மெச்சத்தான் வேண்டும்.

கலைக்குக் கோயில் வேண்டுமல்லவா? டெக்சாஸின் கிழக்கு மூலையில் மார்ஷல் என்று ஒரு சிற்றூர். அங்கே பெரிய மென்பொருள் கம்பெனி எதுவும் இல்லை. ஆனாலும் 2015இல் அமெரிக்கா முழுவதும் போடப்பட்ட காப்புரிமை வழக்குகளில் பத்துக்கு நான்குக்கு மேல் அந்த வட்டார நீதிமன்றத்துக்கே வந்தன. வழக்காடிகள் பலருக்கு அங்கே அலுவலகம் உண்டு, அதாவது பூட்டிய கதவும் பெயர்ப்பலகையும். அடிக்கடி குற்றஞ்சாட்டப்பட்ட சாம்சங், நீதிமன்றத்துக்கு எதிரிலேயே ஊராருக்குப் பனிச்சறுக்குத் திடல் அமைக்க நன்கொடை தந்தது. அந்த ஊராரிலிருந்துதான் ஜூரிகள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கற்பிப்பது கெட்ட மனம். 2017இல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, நினைத்த ஊரில் வழக்குப் போட முடியாது என்று சொல்லி அந்த ஊரின் வளர்ச்சியைக் கெடுத்தது.

இந்த முறை ஏழை எளியவர்களையும் மறக்கவில்லை. 2012, 2013 வாக்கில் சின்னச் சின்ன அமெரிக்கக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் போயின. நீங்கள் காகிதத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள், அது எங்கள் உரிமை, ஆளுக்குச் சுமார் ஆயிரம் டாலர் கட்டுங்கள் என்பது அவற்றின் சாரம். ஸ்கேனரைத் தயாரித்தவரை விட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து வாங்கியவரைத் தேடிப்போய் விசாரிக்கும் அக்கறை! வெர்மான்ட் மாநில அரசுக்கு இது பொறுக்காமல் வழக்குப் போட்டது. அரசுகளுக்கு எப்போதுமே தொழில்முனைவோரைக் கண்டால் ஆகாது.

தொழிலாளர் நலனிலும் இந்த முறைக்குத் தனி ஈடுபாடு. கிடங்கில் வேலை செய்கிறவரின் கை எந்தப் பெட்டி பக்கம் போகிறது என்று கவனிக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கு 2018இல் அமேசான் காப்புரிமை பெற்றது. ரோபோக்கள் ஓடும் இடத்தில் தொழிலாளி உள்ளே நின்று போவதற்கான கூண்டுக்கு அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பெற்றிருந்தது. கூண்டு கட்டப்படவே இல்லை. ஆனால் வேறு யாரும் அதைக் கட்டிவிடாதபடி காத்தார்களே, அந்த நல்லெண்ணத்தை யார் பாராட்டினார்கள்?

நம் நாடுதான் பின்தங்கிவிட்டது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறையும் வணிக முறையும் அல்காரிதமும் வெறும் கணினி நிரலும் கண்டுபிடிப்பு ஆகா என்று பிடிவாதம் பிடிக்கிறது. நல்லவேளையாக, சென்னையிலும் பெங்களூரிலும் எழுதப்படும் நிரல்களை அமெரிக்காவில் பதிவுசெய்து நம் மானத்தைக் காக்கிறார்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் எழுதியவர் பெயர் இருக்கும். உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனி இருக்கும், ஏனெனில் சேர்ந்த அன்றே அதற்கான தாளில் கையெழுத்து வாங்கியாயிற்று. நடுவில் ஒரு ஷீல்டும் கொஞ்சம் பணமும் வரும். ஷீல்டை நாமே வைத்துக்கொள்ளலாம்.

எண்ணங்களை இவ்வளவு பத்திரமாகக் காக்கிறவர்கள், எண்ணுகிற ஆட்களை மட்டும் தெருவில் விட்டுவிடுவார்களா? 2005 முதல் சில ஆண்டுகள் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி முதலிய கம்பெனிகள் ஒருவர் ஆளை ஒருவர் கூப்பிடுவதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. ஆள் மாறினால் சம்பளம் ஏறும், சம்பளம் ஏறினால் மனிதருக்கு நிம்மதி போகும் என்ற கரிசனம் போலும். 2007இல் கூகுளின் ஆளெடுப்பவர் ஒருவர் விவரம் தெரியாமல் ஆப்பிள் என்ஜினீயரைக் கூப்பிட்டுவிட்டார். ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் புகார் செய்தார். கூப்பிட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைவிட்டு அனுப்புவதாகக் கூகுளிலிருந்து பதில் வந்தது. அதைக் கண்டு ஜாப்ஸ் தட்டியது ஒரு சிரிப்புமுகம். நகைச்சுவை உணர்வு இல்லாத என்ஜினீயர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015இல் 41.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. சுமார் 64,000 பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். வக்கீல் செலவு போகத் தலைக்குச் சராசரி ஆறாயிரம் டாலருக்கும் கீழே. மின்னஞ்சலைக் கம்பியில்லாமல் அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு, எந்தக் கைபேசியும் தயாரிக்காத என்டிபி என்ற ஒரே கம்பெனி, பிளாக்பெர்ரிக்காரர்களிடம் 2006இல் 61.25 கோடி டாலர் வாங்கியிருந்தது.

அதே 2007இல் கைபேசி தயாரித்த பாம் கம்பெனியின் தலைவர் எட் காலிகனிடமும் ஜாப்ஸ் இந்தச் சமாதானத்தை நீட்டினார். நம் ஆட்களை நாம் பரஸ்பரம் தொடாமல் இருப்போம், சம்மதமில்லையென்றால் ஆப்பிளின் காப்புரிமைகள் உங்கள்மீது வழக்காக வரும். ஆளைக் கட்டிப்போட எண்ணத்தைக் கயிறாகத் திரித்த இந்தச் சாமர்த்தியம் காலிகனுக்கு எட்டவில்லை. இது தவறு, சட்டவிரோதமாகவும் இருக்கும், எங்களிடமும் காப்புரிமைகள் உண்டு என்று எழுதி மறுத்துவிட்டார்.

இங்கிதம் தெரியாதவர்கள் நிலைப்பதில்லை. 2009இல் காலிகன் பதவியைவிட்டு இறங்கினார். 2010இல் பாமை ஹெச்பி வாங்கியது, அடுத்த ஆண்டே அதன் கைபேசிகளை நிறுத்தியது, என்ஜினீயர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். காப்புரிமைகளுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. 2014இல் அவை பத்திரமாகக் குவால்காமில் போய்ச் சேர்ந்தன.