பேனல் அண்ணன்

டிவி வாங்கணும் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பேனல் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பட்ஜெட் எவ்வளவு என்று கேட்கமாட்டார். "எவ்வளவு தூரத்துல உட்கார்ந்து பார்ப்பீங்க?" என்பார். யாருக்குத் தெரியும்? சோபா எங்கே கிடக்கிறதோ அங்கே உட்காருகிறோம். நாம் யோசித்து முடிப்பதற்குள் அவர் பேன்ட் பையிலிருந்து இன்ச் டேப் வெளியே வந்திருக்கும்.

உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார். கையில் கேம் கன்சோல், மனசு நிறைய சினிமா, இருப்பதோ வாடகை வீட்டின் சின்ன ஹால். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அவர் பேனல் அண்ணனாக மாறியே தீருவார். வேறு வழி கிடையாது.

எங்கள் பேனல் அண்ணன் குடியிருப்பது சூளைமேட்டில். ஹாலில் ஹவுஸ் ஓனர் என்றைக்கோ கட்டிவைத்த சிமெண்ட் ஷோகேஸ் ஒன்று உண்டு. பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் பழைய டப்பா டிவிக்காகக் கட்டியது. ஆழம் தாராளம், அகலம் முப்பதே அங்குலம். சுவரில் மாட்டலாம் என்றால், ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் ஓனரம்மா வாயில் இருக்கிறது. டிவிக்காரர்கள் சொல்லும் இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. 32 இன்ச் டிவியின் திரை அகலம் ஏறக்குறைய 28 அங்குலம், 43 இன்ச்சுக்கு முப்பத்தேழரை. ஆக, அண்ணனின் தலையெழுத்தை எழுதியது பிரம்மா இல்லை, ஒரு கொத்தனார். 32-தான்.

இங்கேதான் சிக்கல். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். அண்ணன் அப்போதே அடித்துப் பிடித்து வாங்கிவிட்டார். அந்தப் பெட்டி 4கே படத்தை நொடிக்கு 120 வீதம் அனுப்பும் தெம்புள்ளது. 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவையோ ‘எச்டி ரெடி’, அதாவது அகலத்துக்கு 1366 புள்ளி, உயரத்துக்கு 768. கன்சோல் அனுப்பும் 1080 வரியையும் டிவி 768-க்குள் திணிக்கும்போது, கேமில் வரும் பொடி எழுத்தெல்லாம் மழையில் நனைந்த ரேஷன் கார்டு போல ஆகிவிடும். "ரெடின்னா என்னடா அர்த்தம்? இன்னும் எச்டி ஆகலைன்னு அர்த்தம்" என்பார். சரியான டிவி கிடைக்கும் வரை என்று ஒரு பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் கன்சோலைச் செருகினார். இன்றுவரை அதில்தான் விளையாட்டு.

விளையாட்டோடு போனாலும் பரவாயில்லை. அண்ணன் சினிமாவும் பார்க்கிறவர். 1973-இல் ‘ராஜ ராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்ததிலிருந்து திரை அகலமாகிக்கொண்டே போயிற்று, டிவி மட்டும் 16-க்கு 9 என்று நின்றுவிட்டது என்பது அவருடைய நிரந்தர வருத்தம். 32 இன்ச் திரையின் உயரம் பதினைந்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் ஸ்கோப் படம் போட்டால் படத்துக்குக் கிடைப்பது பன்னிரண்டு அங்குலத்துக்கும் குறைவு. மேலே இரண்டு, கீழே இரண்டு அங்குலம் கறுப்புப் பட்டை. "காசு கொடுத்து வாங்கின டிவியில கால்வாசி கறுப்பு. அந்தக் கறுப்பாவது கறுப்பா இருக்க வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். அங்கேதான் பேனல் புராணம் தொடங்கும். விஏ பேனல் என்றால் கறுப்பு நல்ல கறுப்பு. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று என்று போகும். ஐபிஎஸ் பேனலில் அது ஆயிரத்துக்கு ஒன்று. இரவுக் காட்சியெல்லாம் விபூதி பூசிக்கொண்டது மாதிரி வரும். அப்படியானால் விஏ வாங்க வேண்டியதுதானே என்றால், அதைப் பக்கவாட்டில் பார்த்தால் வண்ணம் வெளுக்கும். அண்ணி சீரியல் பார்ப்பது சமையலறை வாசலில் நின்று, கையில் கரண்டியோடு. அந்தக் கோணத்தை அண்ணன் ஸ்கூல் பாகைமானி வைத்து அளந்திருக்கிறார் என்பதை அண்ணியே என்னிடம் சொன்னார்.

ஷோரூமுக்கு இவரோடு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். கடையில் எல்லா டிவியிலும் ஒரே காட்சிதான் ஓடும். பஞ்சவர்ணக்கிளி, வழிகிற தேன், பாதியாக வெட்டிய மாதுளம்பழம். வெளிச்சமும் வண்ணமும் உச்சத்தில் இருக்கும். நமக்கு எல்லாமே பிரமாதமாகத் தெரியும். அண்ணன் மட்டும் கிளியைப் பார்க்கமாட்டார். பென் டிரைவை எடுத்து நீட்டுவார். அதில் இருப்பது ஒரே ஒரு காட்சி, மழை இரவில் ஒருவன் குடையில்லாமல் தெருவைக் கடப்பது. அது ஓடத் தொடங்கியதும் விற்பனைப் பையனிடம் மெதுவாகக் கேட்பார்: "தம்பி, இந்த ஃப்ளோர் லைட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ண முடியுமா?"

பையன் மேனேஜரைப் பார்ப்பான். மேனேஜர் அண்ணியைப் பார்ப்பார். அண்ணி மிக்ஸி பக்கம் போய்விடுவார்.

அடுத்தது விரல் சோதனை. திரையை லேசாக அழுத்தினால் அலை பரவுகிறதா இல்லையா என்பதை வைத்து எந்தப் பேனல் என்று கண்டுபிடிப்பாராம். ‘தொடாதீர்கள்’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு அரை அங்குலம் தள்ளி அழுத்துவார். ஒரே மாடலுக்குள்ளேயே வேறு வேறு தொழிற்சாலைப் பேனல் வரும், அட்டைப் பெட்டியில் அது எழுதியிருக்காது என்பதால் இந்தத் தடயவியல் அவசியம் என்பார். கடைசியாக மொபைலை ஸ்லோமோஷனில் வைத்துக்கொண்டு, "தம்பி, நான் சொல்லும்போது ரிமோட்ல பட்டனை அமுக்குங்க" என்பார். நொடிக்கு 240 படம். விரல் அமுங்கியதற்கும் திரை மாறியதற்கும் நடுவே எத்தனை படம் என்று எண்ணினால் தாமதம் தெரிந்துவிடும், ஒரு படத்துக்கு நாலு மில்லி செகண்டு கணக்கு. அந்தப் பையன் அன்றைக்கு எத்தனை தடவை அமுக்கினானோ, பாவம், ஒரு மிக்ஸிகூட விற்றிருக்கமாட்டான்.

ஆனால் இந்தத் தாமத விஷயத்தில் நான் அண்ணன் கட்சி. தொண்ணூறுகளில் டிவியில் செருகி விளையாடிய வாத்து சுடும் கேம் ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் துப்பாக்கி, வயர், சிரிக்கிற நாய். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து காலி. டப்பா டிவி சிக்னல் வந்த வேகத்திலேயே படத்தை வரைந்ததால் அது நடந்தது. தட்டை டிவி படத்தை வாங்கி, கூட்டிக் குறைத்து, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிவிடும். பழைய துப்பாக்கியைப் புது டிவியில் செருகிவிட்டு, வாத்து சாகவில்லை என்று துப்பாக்கியைத் திட்டினால் அது தப்பில்லையா? மெருகேற்றும் வேலைக்கு நூறு மில்லி செகண்டு ஆனால், நொடிக்கு அறுபது படம் ஓடும் கேமில் நீங்கள் ஆறு படம் பின்னால் இருக்கிறீர்கள். எதிராளி கோல் போட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பான்.

இதற்கு மருந்து ‘கேம் மோட்’. மெருகேற்றும் வேலையில் பாதியை நிறுத்திவிடும். டிவியிலேயே இருக்கிறது, காசில்லை, யாரும் தொடுவதில்லை. அண்ணன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனால் காபி வருவதற்குள் செட்டிங்ஸுக்குள் நுழைந்து முதலில் இதைத்தான் போடுவார். அடுத்து, படத்தை வழுவழுவென்று ஓடவைக்கும் வசதியை அணைப்பார். சினிமா நொடிக்கு 24 படமாக எடுக்கப்பட்டது. டிவி நடுநடுவே தானாகப் படங்களை இட்டு நிரப்புவதால்தான் கோடி ரூபாய்ப் படமும் மத்தியான சீரியல் மாதிரி தெரிகிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸே வீடியோ போட்டு, இதைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அண்ணன் அந்த வேண்டுகோளைத் தனக்கென்று எழுதிய கடிதமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரியப்பா வீட்டில் அவர் கைவைத்துவிட்டுப் போன மறுநாள், "டிவி மங்கிப்போச்சுடா" என்று போன் வந்தது. "பெரியப்பா, இதுதான் நிஜக் கலர். ஒரு வாரம் பாருங்க, பழகிடும்." பெரியப்பா ஒரு வாரம் காத்திருக்கவில்லை. பேரனை விட்டு அன்றே மாற்றிக்கொண்டார்.

எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தவர் தனக்கு மட்டும் ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருக்கும். ஆடித் தள்ளுபடியில் வருவது போன வருஷ மாடல். தீபாவளியில் நல்ல மாடல் தீர்ந்துபோகும். ஓனரம்மாவிடம் பேசி 43-க்கு மாறலாம் என்றால் 32 இன்ச்சுக்கு மேல் ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பரில் அது 18 ஆகக் குறைந்தபோது நாங்கள் எல்லாரும் அவருக்குத்தான் போன் பண்ணினோம். குரலில் ஒரு சோகம். "வரி குறைஞ்சிடுச்சு, சரி. கொஞ்சம் பொறுத்தா புது மாடல் வரும்ல?"

எனக்கென்னவோ, டிவி வாங்கிவிட்டால் அப்புறம் அதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் அவர் பயம் என்று தோன்றுகிறது.

போன மாதம் அண்ணியின் அம்மா விருதுநகரிலிருந்து வந்தார். அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவியைப் பல வருஷம் ஓட்டியவர் அவர். வந்த அன்று சாயங்காலம் சீரியல் நேரத்தில் ஷோகேஸைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். மாப்பிள்ளையை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கீரை வாங்கப் போனவர் தெருமுனை எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஏறினார். "ரிப்பேர்னா வீட்டுக்கு வருவியா? ரிமோட்ல பட்டன் பெருசா இருக்கா?" இரண்டே கேள்வி. மத்தியானம் டிவி வீட்டுக்கு வந்துவிட்டது, கீரைக்குப் பின்னாலேயே.

ஆபீஸிலிருந்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியின் பின்புறம் படித்தார். 32 இன்ச், ஃபுல் எச்டி. திரையை விரலால் அழுத்தினார். லைட்டை அணைத்தார். மழை இரவுக் காட்சியைப் போட்டு, சமையலறை வாசலில் போய் நின்று பார்த்தார். நாங்கள் மூச்சு விடவில்லை.

"எப்படி மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"நல்ல டிவிதான் அத்தை. என் லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கிறது இதுதான்."

"அப்ப முதல்ல இருக்கிறது?"

"அது இன்னும் இந்தியாவுக்கே வரலை."

"வரட்டும் மாப்பிள்ளை," என்று மாமியார் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். "வந்ததும் சொல்லுங்க. இதை எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாம்."