செவுத்தை உள்ள இழுத்தாச்சா?

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

வண்டிப்பெரியாறில் மழை எப்படி என்று கேட்க வேண்டியதில்லை, பெய்துகொண்டுதான் இருக்கும். இந்தக் கடிதம் முழுக்க இங்கே மிச்சிகனில் இருக்கும், உங்களுக்கும் தெரிந்த, கொழிஞ்சாம்பாறைக்காரரைப் பற்றியது. ஊரில் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு மாற்றும்போது அவருடைய மாமாதான் கூரையில் ஏறுவார். இவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார், அதுவும் ஒரு கையால். இன்னொரு கையில் போன். அப்பேர்ப்பட்டவர் 28 அடி நீளத்தில் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். இப்போது சனிக்கிழமை காலையில் அவரைத் தேடினால் கூரை மேல்தான் இருப்பார்.

டிராவல் டிரெய்லர் என்பது பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடு. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. ஆனால் ரோட்டில் போகும் வண்டியின் அகலம் எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. எட்டரை அடிக்குள் சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் அடுப்படியையும் திணித்தால், ஒருவர் பிரிட்ஜைத் திறக்க இன்னொருவர் இறங்கி வெளியே நிற்க வேண்டும். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஸ்லைடு-அவுட். வண்டியை நிறுத்திவிட்டுப் பட்டனை அழுத்தினால் பக்கச் சுவரில் ஒரு பெரிய துண்டு, சோபா மேசை சகிதம், இரண்டு மூன்று அடி வெளியே போய் நிற்கும். கிளம்பும்போது மறுபடி உள்ளே. 1990-ல் இந்தியானாவின் நேப்பனி ஊரைச் சேர்ந்த நியூமார் கம்பெனி இதை மோட்டார் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அந்த எல்கார்ட் வட்டாரத்தில்தான் அமெரிக்காவில் ஓடும் இந்த மாதிரி வீடுகளில் பெரும்பகுதி தயாராகிறது. அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் ஆமிஷ் மக்கள். சொந்த வீட்டுக்குக் கரண்டு கம்பி இழுக்காமல் குதிரை வண்டியில் போய்வருகிறவர்கள், பட்டனைத் தொட்டால் நகரும் சுவரை ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிறார்கள். விவரமானவர்கள் என்றுதான் தோன்றுகிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரர் போகும் இடம் பெரும்பாலும் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் லடிங்டன் அரசுப் பூங்கா. நமக்கென்று ஒதுக்கிய இடத்தில் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்துவதுதான் முதல் கண்டம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கை வைத்துக்கொள்ள வேண்டும், வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். சூத்திரம் சரிதான். அதை நினைவுபடுத்தத்தான் பின்னால் அவர் மனைவி நிற்கிறார். பாலக்காடு பஸ் படிக்கட்டில் தொங்கும் ‘கிளி’ என்கிற கிளீனரின் வேலையை இந்த அம்மாள் போனில் செய்கிறார்: “வாங்க, வாங்க, லெஃப்டு ஒடிச்சு வாங்க, போதும்னு சொன்னேனுங்க, மரம்!” அக்கம்பக்கத்து அமெரிக்கர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். இந்த நேரத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் யாரும் பேசக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

அடுத்தது மட்டம் பார்ப்பது. கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அது இங்கே டிரெய்லர் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறது. முதலில் இட வல மட்டம். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்ற வேண்டும். இது பிக்கப்பிலிருந்து கழற்றுவதற்கு முன்னால். பிறகு சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. கல்பாத்தித் தேருக்குக் கட்டை போடுகிறவர்களின் கவனம் இதற்கும் வேண்டும். அதற்கப்புறம்தான் கொக்கியைக் கழற்றி, முன் ஜாக்கியால் முன்பின் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கடைசியாக நாலு மூலையிலும் கால்களை இறக்க வேண்டும். அந்தக் கால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான், தூக்குவதற்கு இல்லை. அதை வைத்துத் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கும். சட்டம் முறுக்கினால் ஸ்லைடு கோணிக்கொள்ளும்.

போன வருடம் இவருடைய அம்மா கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்தார். டிரெய்லருக்குள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தவர், சுவர் தன்னையும் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பியதும், “டேய் கண்ணு, செவுரு போகுதுடா!” என்று கத்தினார். முழுக்க வெளியே போய் நின்ற பிறகு மேலும் கீழும் பார்த்தார். பின்னே அந்த அம்மாள் கேட்ட கேள்வியை எந்தக் கம்பெனி என்ஜினியரும் மெச்சியிருப்பார்: “சரி, மழை பேஞ்சா எங்கிட்டு ஒழுகும்?”

அதுதான் விஷயமே, அக்கா. நகரும் சுவர் என்றால் சுற்றிலும் இடுக்கு. அந்த இடுக்கை ரப்பர் பட்டை அடைக்கிறது. வெயிலில் ரப்பர் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும். தரையும் சுவரும் பெரும்பாலும் மரப் பலகை, உள்ளுக்குள்ளேயே ஊறி மெத்தென்று ஆகும்வரை வெளியே தெரியாது. அதனால் ரப்பரைத் துடைத்து அதற்கென்று விற்கும் மருந்தைத் தடவுகிறார். கூரையில் காற்றுக்குழாய் வரும் இடத்தையும் ஓரங்களையும் சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, வெடிப்பு தெரிந்தால் பசையைப் பிதுக்கி அடைக்கிறார். ஸ்லைடு நகரும் பல் தண்டவாளத்துக்கு கிரீஸ் போடக் கூடாது. மண் ஒட்டிக்கொண்டு பல்லைத் தின்றுவிடும். காய்ந்துபோகும் வகை ஸ்பிரேதான் அடிக்க வேண்டும்.

இவருடைய ஸ்லைடுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டார். இரண்டும் ஒரே கதியில் ஓட வேண்டும். ஒன்று பின்தங்கினால் அறை குறுக்கே மாட்டிக்கொண்டு கிறீச்சிடும். பாதியில் நிறுத்தி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று விளையாடினால் இது நடக்கும். முழுக்க வெளியே விட்டு, நின்ற பிறகும் சில விநாடி பட்டனை விடாமல் பிடித்தால் இரண்டும் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். பாட்டரி இறங்கியிருந்தாலும் தகராறு செய்யும், ஆகவே முதலில் பூங்காவின் கரண்டைச் செருகிவிட வேண்டும். பட்டனை அழுத்துமுன் வெளியே மரம், கம்பம், பக்கத்து வீட்டுக்காரரின் நாற்காலி. உள்ளே திறந்து கிடக்கும் அலமாரிக் கதவு, குழந்தையின் செருப்பு. எல்லாம் பார்த்தாக வேண்டும்.

இலை உதிர்காலத்தில் ஸ்லைடின் தலையில் மேப்பிள் இலையும் பைன் ஊசியும் குவியும். அப்படியே உள்ளே இழுத்தால் அத்தனையும் ஈரத்தோடு சோபாவில் வந்து விழும். ஊசி ஒன்று ரப்பரில் மாட்டினால் போதும், அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். மேலே துணிப் பந்தல் கட்டிக்கொள்ளலாம், விலைதான் கொஞ்சம் கடிக்கும். அவருடைய அம்மா இந்தியக் கடையில் ஒரு சீமாறு வாங்கி, அதை நீளக் குச்சியில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. பக்கத்து டிரெய்லர்காரர் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம்.

கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. கழிவைக் கொட்டும் இடத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். தகப்பன்மார்கள் ரப்பர் கையுறையோடு இறங்குவார்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. முதலில் கக்கூஸ் தொட்டியைத் திறக்க வேண்டும், பிறகு குளியலறைத் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றியவரை அவர் பிள்ளைகளே அப்புறம் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். ஊரில் செப்டிக் டேங்க் வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த மனிதர் இவர் என்பதை மச்சானுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அக்டோபரில் கடை கட்டிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும். எல்லாவற்றையும் வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஓடவிட்டு, சுவரை உள்ளே இழுத்துப் பூட்டினால் வசந்தம் வரை நிம்மதி.

மச்சான் கேட்டிருந்தார், இதை நம்ம பக்கம் கொண்டுவர முடியுமா என்று. பிக்கப்போடு சேர்த்தால் ஐம்பது அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் அவர் மனைவி இறங்கி நின்று “ஒடிச்சு வாங்க” என்றால், போடியில் கிளம்பியவர்கள் பூப்பாறை சேர ஓணம் வந்துவிடும். தேவையும் இல்லை. மூணாறு டிப்போவில் 2020-ல் கேரள அரசு பழைய பஸ்ஸைப் படுக்கையாக்கி ஆளுக்கு 100 ரூபாய்க்கு விட்டது. 2021-ல் அரசின் கேரவன் சுற்றுலாத் திட்டம் வந்தது. 2022-ல் உங்கள் பீர்மேடு தாலுகாவிலேயே, வாகமணில், முதல் கேரவன் பூங்கா திறந்தார்கள். இன்னும் நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அங்கே போய்ப் படுத்துவிட்டு வரலாம். தொட்டியை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

அவருடைய அம்மாவின் சந்தேகம் மட்டும் பாக்கி. லடிங்டனில் ராத்திரி குப்பைத்தொட்டியை உருட்டுவது ரக்கூன்தான், சத்தம் போட்டால் ஓடிவிடும். அம்மாவுக்கு அது ஒரு மிருகமாகவே படவில்லை. மூணாறில் பஸ்ஸை மறித்துக் காய்கறிக் கடையைக் காலி செய்யும் காட்டு யானை படையப்பாவை டி.வி.யில் பார்த்தவர். “மூணாறுல இதுல தங்கறப்ப அந்தக் கொம்பன் வந்து முன்னால நின்னான்னா, இந்தச் செவுத்தை உள்ள இழுக்க எத்தன நேரமாகும் கண்ணு?” என்று கேட்டார். இவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இழுத்துக் காட்டினார். அரை நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதோடு மட்டப்பலகையை எடுத்து, முட்டுக்கட்டையைக் கழற்றி, கொக்கி மாட்டி, கரண்டு ஒயரைச் சுருட்ட வேண்டும் என்றார்.

“அப்ப நான் வண்டிப்பெரியாறுலயே தங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டார். டிசம்பரில் உங்கள் வீட்டுக்கு வருகிறாராம். மாடி அறையை ஒழித்து வையுங்கள்.