பேரிங் வாய் திறந்தால்

கே: பறக்கும் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை என்பது சக்கரத்து பேரிங்குக்குத் தெரியுமா?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

ப: தலை எண்ணத் தெரியாது, எடை சொல்ல வைக்கலாம்! வண்டி ஓடும்போது பேரிங்கின் உருளைக்கும் வளையத்துக்கும் நடுவே, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான எண்ணெய்ப் படலம்தான். இரு பக்கமும் எஃகு, நடுவில் மின்சாரம் கடத்தாத எண்ணெய். சீலிங் ஃபேனில் இருக்கிறதே, அந்தக் கண்டென்சர் கணக்குதான். கூட்டம் ஏற ஏற, எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கித் தொடுபரப்பு விரியும். படலமும் துளி மெலியும். மின்தேக்குத் திறன் கூடும். அதை அளந்தால் சுமை தெரிந்துவிடும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதை அக்கறையாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கே: அப்படியானால் ஸ்டேஷனில் நிற்கும்போதே எடை பார்த்துவிடலாமே?

ப: நின்றால் வாய் திறக்காது, ஓடினால்தான் பேசும்! நின்றதும் படலம் பிதுங்கி விலக, எஃகும் எஃகும் தொட்டுக்கொள்ளும், கண்டென்சர் அவுட். ஓடும்போதும் எண்ணெய் சூடேறினால் கணக்கு மாறும். வெப்பநிலையையும் சேர்த்தே அளக்க வேண்டும். அளக்கச் செலுத்தும் மின்னழுத்தம் மிகச் சிறியதாக இருப்பது முக்கியம். எல்லை மீறினால் படலத்துக்குள் பொறி பறந்து, வளையத்தில் குழி விழும்.